பதினேழாம் இலக்கம்

வீதியை அகலமாக்கப் போகிறார்கள்.
தெமட்டகொடையிலிருந்து கால்வாய்ப் பாலம் வரை
இடப்பக்கம் நிற்பது, சரிந்தது, புதைந்தது
எல்லாவற்றையும் பதிய வேண்டும்.
படிவம் நீலம். நாடாவின் ஒரு முனை எனக்கு,
மறுமுனை சுனெத்துக்கு.

இலக்கம் ஒன்று: மைல்கல், கருங்கல்.
லொத்தர் விற்கும் மஹ்ரூப் காக்காவின் இருக்கை.
எழும்பச் சொன்னோம், எழும்பினார்.
'2' மட்டும் வெளியே. ஊரின் பெயர் மண்ணுக்குள்.
எங்கிருந்து இரண்டு என்றான் சுனெத்.
"நான் வந்த நாள்ல இருந்து ரெண்டுதான் மகள்,
கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

இலக்கம் நான்கு: அடிக்கல்.
மூன்று பட்டங்களோடு ஒரு பெயர், ஒரு சுபநேரம்.
மண்டபம் எழும்பவே இல்லை.
பளிங்கில் மட்டும் இன்னும்
முற்பகல் 9.42.

ஒன்பது: தண்ணீர்க் குழாய்.
காலஞ்சென்ற மனைவியின் 'நினைவக' என்று
ஓர் அரவு குறைய வெட்டியிருந்தது.
சிங்களத்தில் பிழை இல்லை என்றான் சுனெத்,
பெருமையாக அல்ல, மெதுவாக.
திருகினேன். காற்று வந்தது,
பிறகு ஓர் எறும்பு.

இருநூற்றுப் பன்னிரண்டாம் இலக்கக் கடையின் முன்னால்
நாடாவைச் சுருட்டிக்கொண்டு விரைந்தேன்.
கைபேசி உறை விற்கிறார்கள்.
அப்பா அந்த வருடத்தை வாயால் சொல்வதில்லை.
"கடை எரியாத காலத்தில" என்றுதான்
ஒரு றாத்தல் பாணின் விலையையும் சொல்வார்.
சுனெத் ஒன்றும் கேட்கவில்லை.
அவனும் விரைந்து நடந்தான்.

பதின்மூன்று: பஸ் தரிப்பிடம்.
'எங்கள் மகன் சுகுணபாலன் ஞாபகார்த்தமாக,
பெற்றோர், சகோதரிகள்.'
வீதி ஒருவழியான பின் பஸ் இங்கே வருவதில்லை.
மழைக்கு மட்டும் ஆட்கள்.
அன்றும் தூறியது.
அவனுடைய கூரையின் கீழ் நின்று
மாலு பாண் ஒன்றைப் பிய்த்துப் பாதி தந்தான் சுனெத்.
நீளம் 3.60, அகலம் 1.50. நிலை: நல்லது.

மின்கம்பம் எங்கள் பாடு அல்ல,
அது மின்சார சபையின் தலையிடி.
ஆனால் அதில் ஒரு மாலை.
காய்ந்ததன்மேல் புதிது,
காய்ந்ததன் கீழே அதற்கும் முந்தியதன் நூல்.
கல் இல்லை. பெயர் இல்லை. மெழுகுதிரிக் கறைகூட இல்லை.
மாதம் மாதம் பதினாலாம் திகதி என்றார் மஹ்ரூப் காக்கா.
யார் கட்டுவது?
லொத்தர்களை அடுக்கினார்.
ஆணா, பெண்ணா?
அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்கினார்.

நிலத்திலிருந்து 1.28 மீற்றர்.
கட்டுபவர் குட்டையாக இருக்க வேண்டும்.
அல்லது அங்கே நின்றது
சின்னப் பிள்ளையாக.

எழுதினேன். பதினேழு. பொருள்: பூ, நூல்.
தற்காலிகமா, நிரந்தரமா என்ற கட்டத்தில்
பேனையைத் தூக்கிப் பிடித்து நின்றேன்.
நிரந்தரம் என்று போட்டேன்.

கந்தோரில் சிவப்பு மையால் அடித்தார்கள்.
'கட்டுமானங்கள் மட்டும்.'

மே மாதம் பெக்கோ வந்தது.
கம்பத்தைப் பிடுங்கி, இரண்டு மீற்றர் உள்ளே
புதுக் கொங்கிரீட் கம்பம் நட்டார்கள்.
மைல்கல்லும் மேலே வந்தது.
வெளியே இருந்ததைவிட உள்ளே இரண்டு மடங்கு நீளம்.
ஊரின் பெயரைப் பார்க்க ஓடினேன்.
முகம் குப்புறக் கிடந்தது.
நாலு பேர் சேர்ந்தும் புரட்ட முடியவில்லை.
பின்னேரம் லொறியில் ஏற்றிவிட்டார்கள்.

பதினாலாம் திகதி, வேலை நாளல்ல,
ஏழு மணிக்கு பஸ்ஸால் இறங்கினேன்.
மஹ்ரூப் காக்கா ஒரு பிளாஸ்டிக் கதிரையில்.
என்னைக் கண்டும் காணாதவர்.
புதுக் கம்பத்தில் மாலை, ஈரம் காயவில்லை.
கைப்பையிலிருந்து நாடாவை எடுத்தேன்.
1.28.

அறிக்கை போய்விட்டது.
பதினாறுக்குப் பிறகு அதில் பதினெட்டு.
கணக்குப் பிரிவிலிருந்து தொலைபேசி எடுத்து
எண்ணத் தெரியாதா பிள்ளை என்று கேட்டார்கள்.
தட்டச்சுப் பிழை என்றேன்.
திருத்தி அனுப்பச் சொன்னார்கள்.
அனுப்புகிறேன் என்றேன்.